பெரிய எண் கடைசிப் பதிவு ஆகாது

ஓர் அட்டவணையில் கடைசியாக வந்த பதிவு எது என்று கேட்டால், நிரலாளர்களிடையே வழங்கும் விடை ஒன்றுதான்: ஐடி எண் எதில் மிகப் பெரிதோ அது. ஆர்டர் பை ஐடி டெஸ்க் லிமிட் 1 என்று எழுதுவார்கள், அல்லது மேக்ஸ்(ஐடி) என்று எழுதுவார்கள். பயிற்சி வகுப்பின் முதல் வாரத்தில் சொல்லித்தரப்படும் இந்த விடை, பத்தாண்டு அனுபவமுள்ளவர் எழுதும் நிரலிலும் அப்படியே இருக்கிறது. யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. எழுதியவரின் சொந்தக் கணினியில் அது ஒருநாளும் தவறியதில்லை.

இந்தக் கருத்தின் வலுவான வடிவம் இது. ஐடி தானாகக் கூடும் எண். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பதிவும் முந்தையதைவிடப் பெரிய எண்ணைப் பெறுகிறது. ஆகவே பெரிய எண் கொண்டதே பிந்தி வந்தது. மேலும் இரண்டு பதிவுகளுக்கு ஒரே ஐடி இராது. அது வெறுமையாக இராது. அதற்கு இண்டெக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. நேரத்தைக் குறிக்கும் புலத்துக்கு இவற்றில் எந்த உத்தரவாதமும் இல்லை. பின்னால் சொன்ன மூன்றும் உண்மை. முன்னால் வரும் அந்த ‘ஆகவே’தான் நிற்காது.

சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வக அட்டவணை போதும். மருத்துவமனை ஒன்றில் இரத்தப் பரிசோதனை முடிவுகள் அதில் சேர்கின்றன. ஐடி, நோயாளி எண், பரிசோதனையின் பெயர், மாதிரி எடுத்த நேரம், முடிவைப் பதிந்த நேரம், அளவு ஆகியவை அதன் புலங்கள். நோயாளியின் இரத்தப் பொட்டாசியம் கடைசியாக எவ்வளவு இருந்தது என்று மருத்துவர் திரையில் பார்க்கிறார். திரைக்குப் பின்னால் ஓடும் வினவல் மேக்ஸ்(ஐடி).

முதலில் அட்டவணை என்றால் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். எட்கர் காட், ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து 1970 ஜூனில் உறவுநிலைத் தரவுத்தளத்தின் அடிப்படைக் கட்டுரையை வெளியிட்டார். அன்றைய தரவு அமைப்புகளைப் பீடித்த மூன்று சார்புகளை அதில் எண்ணிச் சொன்னார். முதலாவது வரிசைச் சார்பு. பதிவுகள் வட்டில் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை நம்பி எழுதிய நிரல், அடுக்கு மாறிய அன்றே உடைந்துபோகும். அதனால்தான் காட் அட்டவணையைக் கணிதத்தின் கணமாக வரையறுத்தார். கணத்தில் உறுப்புகள் உண்டு, அவற்றுக்கிடையே முன்பின் இல்லை. ஆகவே அட்டவணைக்குக் கடைசிப் பதிவு என்று இயல்பாக எதுவும் கிடையாது. எந்தப் புலத்தின்படி கடைசி என்று கேட்பவர் சொல்ல வேண்டும். சொல்லாமல் கேட்பது, அரை நூற்றாண்டுக்கு முன் வேண்டுமென்றே களைந்த ஒன்றைத் திரும்பத் தா என்று கேட்பதாகும்.

ஆர்டர் பை இல்லாமலே அட்டவணையைப் படித்து, கடைசியாக வந்து விழும் வரியை எடுத்துக்கொள்வோரும் உண்டு. அவர்களை மறுக்க அதிகம் எழுத வேண்டியதில்லை. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி, பதிவுகளைப் பிரைமரி கீ வரிசையிலேயே சேமிக்கிறது. அதனால் பெரும்பாலும் ஐடி வரிசையில் விடை வருகிறது. அதைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை இது. வினவல் வேறோர் இண்டெக்ஸ் வழியாகப் போனால் அங்கேயே வரிசை மாறிவிடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஒரு பதிவைத் திருத்தினால் பழைய இடத்தில் எழுதாமல் புதிய படி ஒன்று உருவாகிறது. வேக்யூம் என்ற துப்புரவு வேலை துடைத்த பழைய இடங்களில் நாளை வரும் பதிவுகள் போய் உட்காருகின்றன. 2008-இல் வந்த 8.3 பதிப்பு முதல், பெரிய அட்டவணை ஒன்றை ஏற்கெனவே ஒருவர் படித்துக்கொண்டிருந்தால், அடுத்து வருபவரும் நடுவில் அவரோடு சேர்ந்துகொண்டு அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம். ஒரே வினவல், ஒரே தரவு, இரண்டு முறை ஓட்டினால் இரண்டு வரிசை.

கேட்காமல் கிடைத்த வரிசையை நம்பியவர்களை மென்பொருள் நிறுவனங்கள் கைவிட்ட வரலாறும் சிறியதன்று. எஸ்க்யூஎல் சர்வர் 2000-இல் வியூவுக்குள் டாப் 100 பெர்சென்ட் என்று எழுதி வரிசையை ஒளித்துவைத்திருந்தவர்கள், 2005 பதிப்புக்கு மாறியதும் அதை இழந்தார்கள். ஆரக்கிள் 10ஜி இரண்டாம் வெளியீட்டில் குரூப் பை ஹாஷ் முறைக்குப் போனதும், அதுவரை இலவசமாக வரிசைப்பட்டு வந்த விடைகள் கலைந்தன. மைஎஸ்க்யூஎல் 8.0 அதே சலுகையை 2018-இல் நிறுத்தியது. முதல் இரண்டு நிறுவனங்களும் வாக்கு எதையும் மீறவில்லை. வாக்கு கொடுத்திருந்தால்தானே மீற!

மேக்ஸ்(ஐடி) கட்சி இதைவிட முதிர்ந்தது. வரிசையை அது வெளிப்படையாகக் கேட்கிறது. ஆனால் தவறான புலத்திடம் கேட்கிறது. ஐடி எப்போது கொடுக்கப்படுகிறது என்பதை நிதானமாகப் பார்த்தால் தவறு விளங்கும்.

வங்கிக்குள் நுழைந்ததும் டோக்கன் கிழிக்கிறோம். 100 என்ற டோக்கன் பெற்றவர் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே 101 பெற்றவர் வேலையை முடித்துக்கொண்டு வெளியே போகலாம். டோக்கன் எண் காட்டுவது நுழைந்த வரிசையை மட்டுமே. தரவுத்தளத்தின் சீக்வென்ஸும் அப்படித்தான். இன்செர்ட் ஓடும் கணத்தில் எண் கிழித்துத் தரப்படுகிறது. அந்தப் பதிவு மற்றவர் கண்ணுக்குத் தெரிவதோ, அதைச் சுமந்த டிரான்சாக்ஷன் கமிட் ஆன பிறகு. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிநொடி இருக்கலாம், இருபது நிமிடமும் இருக்கலாம்.

இது வடிவமைப்பில் நேர்ந்த குறையன்று. தெரிந்தே செய்த தேர்வு. கமிட் ஆகும் வரிசையில்தான் எண் தர வேண்டும் என்றால், ஒரு டிரான்சாக்ஷன் முடியும்வரை மற்ற எல்லாம் வாசலில் நிற்க வேண்டும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதும் அமைப்பில் அது நடக்காத காரியம். எனவே சீக்வென்ஸ் டிரான்சாக்ஷனுக்கு வெளியே வைக்கப்பட்டது. ரோல்பேக் ஆனாலும் கொடுத்த எண் திரும்பாது. எண் வரிசையில் இடைவெளி விழுவது இதனால்தான். இடைவெளியைக் காட்டி மேக்ஸ்(ஐடி)யை மறுப்போர் சிலர் உண்டு. அந்த வாதம் செல்லாது. இடைவெளி வரிசையைக் கெடுப்பதில்லை. கெடுப்பது கமிட் வரிசைதான்.

அதன் விளைவை ஆய்வக அட்டவணையிலேயே காணலாம். முதன்மை ஆய்வகத்தின் நிரல் ஒரு பெரிய டிரான்சாக்ஷனைத் தொடங்கி, 100 என்ற எண்ணைப் பெற்று, மேலும் ஐம்பது முடிவுகளை எழுதிக்கொண்டிருக்கிறது. அதற்குள் வார்டில் உள்ள கருவி ஒற்றை முடிவை எழுதி, 151 என்ற எண்ணோடு உடனே கமிட் செய்கிறது. எச்சரிக்கை அனுப்பும் நிரல் ஒன்று நிமிடத்துக்கொரு முறை வந்து, ‘நான் கடைசியாகப் பார்த்த ஐடியைவிடப் பெரியவற்றைக் கொடு’ என்று கேட்கிறது. 151 கிடைக்கிறது, அதைக் குறித்துக்கொண்டு போகிறது. அடுத்த நிமிடம் ஆய்வகத்தின் பதிவுகள், 100 முதல் 150 வரை, கமிட் ஆகின்றன. எச்சரிக்கை நிரல் திரும்பி வந்து 151-ஐவிடப் பெரியவற்றைக் கேட்கிறது. ஒன்றுமில்லை. அந்த ஐம்பத்தொரு முடிவுகளை அது இனி ஒருநாளும் பார்க்காது. பிழைச்செய்தி எதுவும் எழாது, பதிவேட்டில் ஒரு வரியும் விழாது. பல நிறுவனங்களில் ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை நகலெடுக்கும் நிரல்கள் இந்த முறையில்தான் ஓடுகின்றன. மாதக் கடைசியில் இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒட்டாமல் போனால் பழி வலையமைப்பின் மீது விழுகிறது.

ஐந்து நிமிடம் பழையவற்றை மட்டும் எடுத்தால் போதும் என்று ஒரு மருந்து சொல்லப்படுவதுண்டு. எந்த டிரான்சாக்ஷனும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடாது என்ற பந்தயம் அது. பந்தயம் தேவையில்லாத வழிகள் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இன்னும் முடியாத மிகப் பழைய டிரான்சாக்ஷன் எது என்பதை அமைப்பிடமே கேட்டு, அதற்கு முந்தையவற்றை மட்டும் எடுக்கலாம். எஸ்க்யூஎல் சர்வரின் ரோவெர்ஷன் புலமும் கமிட்டுக்கு முன்பே எண் பெறுவதுதான். ஆனால் முடியாதவற்றின் எல்லையைச் சொல்லும் மின் ஆக்டிவ் ரோவெர்ஷன் என்ற சார்பு அதனோடு வருகிறது. எல்லாவற்றிலும் நேரானது, அட்டவணையை விட்டுவிட்டு மாற்றங்களின் பதிவேட்டையே படிப்பது. மைஎஸ்க்யூஎல்லின் பின்லாகும், போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 9.4 பதிப்பிலிருந்து கிடைக்கும் லாஜிக்கல் டீகோடிங்கும் கமிட் வரிசையில் பேசுகின்றன.

கமிட் வரிசையை ஒதுக்கிவிட்டாலும், எண் பிறக்கும் வரிசையே பல இடங்களில் காலவரிசை அன்று. ஆரக்கிள் சீக்வென்ஸ் இயல்பாக இருபது எண்களை முன்கூட்டியே எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் ஆரக்கிள் அமைப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனிக் கட்டு. ஒன்று 21-ஐக் கொடுத்த பிறகு இன்னொன்று 5-ஐக் கொடுக்கும். ஆர்டர் என்று கேட்டு வாங்கினால்தான் இது மாறும். அதற்கு வேகத்தில் விலை உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் எழுதும் இடங்களில் ஒன்று ஒற்றைப்படை எண்ணும் மற்றது இரட்டைப்படை எண்ணும் கொடுப்பது வழக்கம். ஒன்றில் கூட்டம் அதிகமானால் அதன் எண்கள் முன்னே ஓடிவிடும். அதன் நேற்றைய பதிவு மற்றதன் இன்றைய பதிவைவிடப் பெரியதாக நிற்கும்.

பழைய எண் மறுபடி பிறந்த கதையும் இருக்கிறது. இன்னோடிபி அடுத்த எண்ணை நீண்ட காலம் நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால், அட்டவணையில் எஞ்சியிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து, அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே நீக்கப்பட்ட பதிவின் எண், புதிய பதிவுக்குப் போய்ச் சேரும். 2003-இல் 199 என்ற எண்ணோடு பதிவான இந்தப் பிழை, 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது, பதினைந்து ஆண்டுகள். எஸ்க்யூலைட்டில் ஆட்டோஇன்கிரிமென்ட் என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் இன்றும் இதே நடத்தைதான். எண் வரம்பின் உச்சியைத் தொட்டுவிட்டால் அது காலியாக உள்ள எண் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நேர்வது, பழைய தரவைப் பின்னர் ஏற்றுவது. கிளை மருத்துவமனை ஒன்றின் பத்தாண்டுப் பதிவுகளை நேற்று இரவு இணைத்திருந்தால், இன்று காலை மேக்ஸ்(ஐடி) காட்டுவது பத்தாண்டுக்கு முன் எடுத்த இரத்தமாக இருக்கலாம். யூயூஐடியைச் சாவியாக வைத்த அட்டவணையில் இந்தக் கட்சி பேசவே முடியாது; நான்காம் வகை யூயூஐடி ஏறக்குறைய முழுக்க எழுந்தமான எண். 2024 மே மாதத்தில் வந்த ஆர்எஃப்சி 9562, நேரத்தை முன்னால் வைக்கும் ஏழாம் வகையைச் சேர்த்தது. அதன் முதல் 48 பிட்டுகளில் மில்லிநொடிக் கணக்கு இருக்கிறது. அதை ஆதாரமாகக் காட்டி மேக்ஸ்(ஐடி) மீண்டும் சரியாகிவிட்டது என்று சொல்வோர், கடிகாரத்தை ஐடிக்குள் ஒளித்துவைத்துவிட்டு ஐடியைப் பாராட்டுகிறார்கள். கடிகாரத்தின் குறைகள் அதற்குள்ளும் கூடவே வருகின்றன.

மேக்ஸ்(ஐடி) இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தப்படுகிறது: சற்றுமுன் தான் சேர்த்த பதிவின் எண்ணை அறிய. இது வேறு கேள்வி. அட்டவணையில் கடைசி எது என்பதற்கும், இந்த இணைப்பு சேர்த்தது எது என்பதற்கும் தொடர்பு இல்லை. இன்செர்ட்டுக்கும் மேக்ஸுக்கும் நடுவே இன்னொருவர் எழுதினால் அவருடைய பதிவு உங்களுடையதாகிவிடும். ஒருவரின் பரிசோதனை இன்னொருவரின் பெயரில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மைஎஸ்க்யூஎல்லில் லாஸ்ட் இன்செர்ட் ஐடி இருக்கிறது, எஸ்க்யூஎல் சர்வரில் ஸ்கோப் ஐடென்டிட்டி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ரிட்டர்னிங் 2006 முதல் இருக்கிறது. எஸ்க்யூலைட்டும் 2021-இல் அதை ஏற்றுக்கொண்டது. இத்தனை இருந்தும் மேக்ஸ்(ஐடி) எழுதுவதற்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

சரி, நேரப் புலம் ஒன்றை வைத்து அதன்படி அடுக்கினால் தீர்ந்தது என்று எதிர்க்கட்சி சொல்லும். அதுவும் பாதி விடைதான். மேக்ஸ்(ஐடி)காரர்கள் நேரத்தின் மீது வைக்கும் குற்றச்சாட்டுகளில் நியாயம் இருக்கிறது.

நேரம் எப்போது குறிக்கப்படுகிறது என்பது முதல் சிக்கல். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் நவ் சார்பு டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தைத் தருகிறது. ஒன்பது மணிக்குத் தொடங்கி 9:20-க்கு முடிந்த வேலையின் எல்லாப் பதிவுகளும் ஒன்பது மணி என்றே சொல்லும். கிளாக் டைம்ஸ்டாம்ப் என்ற சார்பு அழைத்த கணத்தின் நேரத்தைத் தரும். அதுவும் கமிட்டுக்கு முந்தையதே. மைஎஸ்க்யூஎல்லின் நவ், அந்த ஒற்றை ஆணை தொடங்கிய நேரம். ஒரே பெயருள்ள சார்பு இரண்டு தரவுத்தளங்களில் இரண்டு பொருள் தருகிறது என்பதை அறியாமலே நிரல்கள் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றப்படுகின்றன.

நுட்பம் அடுத்தது. மைஎஸ்க்யூஎல்லின் டேட்டைம், தனியாகக் கேட்காவிட்டால் நொடியோடு நின்றுவிடும். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் ஒரு நொடியை முந்நூறு துண்டாக மட்டுமே அறியும். ஒரே நொடியில் நாற்பது பதிவுகள் வந்தால் நாற்பதும் சமம். அவற்றுள் எதைக் கடைசி என்று தருவது என்பதைத் தரவுத்தளம் தன் வசதிப்படி முடிவு செய்யும், இன்று ஒன்று, நாளை ஒன்று. வெறுமையான நேரம் அதைவிடப் பொல்லாதது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் நல் மதிப்பை எல்லாவற்றிலும் பெரியதாகக் கொள்கின்றன. இறங்குவரிசையில் நேரமே இல்லாத பதிவு முதலில் வந்து நிற்கும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் ஆகியவற்றில் அது கடைசிக்குப் போகும். நல்ஸ் லாஸ்ட் என்ற இரண்டு சொற்களை மறந்ததால், எப்போது எடுத்தது என்றே தெரியாத மாதிரி ‘மிகச் சமீபத்திய முடிவு’ என்ற பட்டத்தைப் பெறும்.

கடிகாரமும் பின்னோக்கி நகரும். இந்தியாவில் கோடைக்கால நேரமாற்றம் இல்லாததால் இது ஐரோப்பியர் கவலை என்று இங்கே பலர் எண்ணுகிறார்கள். இலங்கை 2006 ஏப்ரல் 15 அன்று தன் நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளி, கிரீன்விச்சுக்கு ஆறு மணி முன் என்பதிலிருந்து ஐந்தரை மணி முன் என்பதற்குத் திரும்பியது. உள்ளூர் நேரத்தைப் பதிந்த அட்டவணைகளில் அன்று நள்ளிரவுக்கு அடுத்த அரை மணி இரண்டு முறை வந்தது. முதல் முறை 12:20-க்கு எழுதிய பதிவு, இரண்டாம் முறை 12:10-க்கு எழுதியதைவிடப் பிந்தியதாகத் தோன்றும். உலக நேரத்தில் சேமித்தால் இது தீரும். ஆனால் உலக நேரமும் முழுப் பாதுகாப்பு அன்று. 2016-ஆம் ஆண்டின் கடைசியில் சேர்க்கப்பட்ட லீப் நொடியின்போது, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் நிரலுக்கு நேரம் பின்னோக்கிப் போனதாகத் தெரிந்து, எதிர்மறை எண் ஒன்று பிறந்து, சேவையின் ஒரு பகுதி விழுந்தது.

இரண்டு சர்வர்கள் எழுதினால் இரண்டு கடிகாரங்கள். அவை ஒருநாளும் அச்சுப்பிசகாமல் ஒத்திரா. தனித்தனிக் கணினிகளில் நடக்கும் இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்பதற்குச் சில வேளைகளில் விடையே இல்லை என்று லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் காட்டிவிட்டார். கூகுளின் ஸ்பேனர் தரவுத்தளம் பற்றி 2012-இல் வெளிவந்த கட்டுரை இந்த உண்மையோடு எப்படி வாழ்வது என்பதைச் சொல்கிறது: அதன் கடிகாரம் ஒரு புள்ளியைச் சொல்லாமல் ‘இதற்கும் இதற்கும் நடுவே’ என்று ஓர் இடைவெளியைச் சொல்லும், அந்த ஐயம் தீரும்வரை கமிட் காத்திருக்கும். அணுக் கடிகாரங்களை வாங்கி வைத்தவர்களே இவ்வளவு அடக்கமாகப் பேசும்போது, சாதாரண சர்வரின் நேரத்தை வேதவாக்காகக் கொள்வது நகைப்புக்குரியது.

ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் நேரத்தை அளக்கும் குறைகள். மேக்ஸ்(ஐடி)யின் குறை வேறு வகை. அது நேரத்தை அளக்கவே இல்லை. இந்த வேறுபாட்டை மழுப்பி ‘இரண்டிலும் குறை உண்டு, ஆகவே எளிதானதை வைத்துக்கொள்வோம்’ என்று முடிப்பதுதான் நடைமுறையில் அதிகம் காணப்படும் ஏமாற்று.

அதைவிட ஆழமான தவறு ஒன்று இரு கட்சிகளுக்கும் பொது: எதன் கடைசி என்று கேட்காமலே விடை சொல்வது. ஆய்வக அட்டவணைக்குத் திரும்பலாம். காலை 6:10-க்கு நோயாளியிடம் எடுத்த மாதிரி முதன்மை ஆய்வகத்துக்குப் போகிறது. இதயத் துடிப்பு வரைபடத்தில் ஐயம் தோன்றியதால் மருத்துவர் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார். 8:40-க்கு எடுத்த இரண்டாம் மாதிரி வார்டில் உள்ள கருவியிலேயே சோதிக்கப்பட்டு, 8:45-க்குப் பதிவாகிறது: லிட்டருக்கு 4.9 மில்லிமோல், இயல்பான அளவு. முதல் மாதிரியின் முடிவு 9:30-க்குத்தான் ஆய்வகத்திலிருந்து வருகிறது: 6.4, இதயத்துக்கு ஆபத்தான அளவு. ஐடி பெரியது 6.4-க்கு. பதிந்த நேரம் பிந்தியதும் 6.4-க்கே. கடிகாரம் துல்லியமாக ஓடியது, கமிட் வரிசை பிசகவில்லை, சீக்வென்ஸ் ஒழுங்காக எண்ணியது. ஆயினும் திரை சொல்வது பொய். அதை நம்பி மறுபடி சிகிச்சை கொடுத்தால் பொட்டாசியம் தேவைக்குக் கீழே போகும்.

நிகழ்ந்த நேரம் வேறு, பதிந்த நேரம் வேறு. தரவுத்தள ஆய்வாளர்கள் இதை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ரிச்சர்ட் ஸ்னாட்கிராஸ் 1999-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். எஸ்க்யூஎல் தரநிலை 2011 பதிப்பில் இரு வகைக் காலத்துக்கும் தனித்தனி வசதியைச் சேர்த்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2016, மரியாடிபி 10.3 ஆகியவை பதிவின் பழைய நிலைகளைத் தாமே காத்துவைக்கின்றன. மருத்துவர் கேட்பது நிகழ்ந்த நேரத்தை. நேற்று இரவு யார் எதைத் திருத்தினார் என்று தேடும் தணிக்கையாளர் கேட்பது பதிந்த நேரத்தை. நகலெடுக்கும் நிரலுக்கு வேண்டியதோ கமிட் வரிசை. அட்டவணையை வடிவமைக்கும் நாளிலேயே தீர்க்க வேண்டிய இந்த முடிவை, வினவல் எழுதுபவரின் அவசரத்துக்கு விட்டுவிட முடியாது. மாதிரி எடுத்த நேரம் என்ற புலமே வைக்கப்படாத அட்டவணையில் எவ்வளவு திறமையான வினவலாலும் 4.9-ஐக் கண்டுபிடிக்க இயலாது.

வேகம் என்ற வாதம் மிச்சமிருக்கிறது. மேக்ஸ்(ஐடி) நொடியில் வரும், ஆர்டர் பை முழு அட்டவணையையும் அடுக்கும் என்பார்கள். மேக்ஸ்(ஐடி) வேகமாக வருவது ஐடிக்கு பி-ட்ரீ இண்டெக்ஸ் இருப்பதால். அது ஐடியின் தனிச்சிறப்பு அன்று. நோயாளி எண், பரிசோதனை, மாதிரி எடுத்த நேரம், பதிந்த நேரம், ஐடி என்ற வரிசையில் ஓர் இண்டெக்ஸ் அமைத்தால், கோடிக்கணக்கான பதிவுகள் இருந்தாலும் தரவுத்தளம் சில பக்கங்களைத் தொட்டு, அந்த நோயாளியின் பகுதிக்கு வந்து, அதன் ஓரத்தில் உள்ள ஒரே பதிவை எடுத்துத் தரும். அடுக்கும் வேலையே நடக்காது. ஆரக்கிளில் வேகத்துக்காக ரோநம் 1 என்ற நிபந்தனையையும் ஆர்டர் பையையும் ஒரே வினவலில் எழுதுவோர் இங்கே இடறுகிறார்கள்: ரோநம் அடுக்குவதற்கு முன்பே எண்ணப்படுவதால், ஏதோ ஒரு பதிவை எடுத்து, அந்த ஒன்றை மட்டும் அது அடுக்கும். 2013-இல் வந்த 12சி பதிப்பின் ஃபெட்ச் ஃபர்ஸ்ட் இந்தக் குழியை மூடியது.

ஒரு நோயாளிக்கு மட்டுமன்றி ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசி முடிவு வேண்டும் என்றால் பழக்கம் குரூப் பை பக்கம் இழுக்கும். நோயாளி எண், மேக்ஸ்(நேரம்), அளவு என்று எழுதி நோயாளிவாரியாகத் தொகுத்தால், பழைய மைஎஸ்க்யூஎல் ஒரு பதிவின் நேரத்தையும் இன்னொரு பதிவின் அளவையும் ஒட்டவைத்துத் தந்தது. எந்தப் பதிவிலும் இல்லாத முடிவு ஒன்று திரையில் உண்மை போல நின்றது. 5.7 பதிப்பு முதல் இத்தகைய வினவலை அது இயல்பாகவே மறுக்கிறது. எஸ்க்யூலைட் மட்டும் மேக்ஸ் கிடைத்த பதிவிலிருந்தே மற்றப் புலங்களையும் எடுப்பதாக வாக்களிக்கிறது. அதைப் பழகியவர் வேறு தரவுத்தளத்துக்குப் போனால் அந்த வாக்கு கூடவே வராது. பொதுவான வழி, 2003 தரநிலையிலிருந்து உள்ள ரோ நம்பர் சார்பு: நோயாளிவாரியாகப் பிரித்து, நேரத்தால் இறங்குவரிசையில் எண்ணிட்டு, ஒன்று என்ற எண் பெற்றதை எடுப்பது. மைஎஸ்க்யூஎல் இதற்கு 2018 வரை காக்க வைத்தது. இன்று எல்லாவற்றிலும் இருக்கிறது.

மேக்ஸ்(ஐடி) சரியாக இருக்கும் இடம் உண்டா? உண்டு. ஒரே நிரல் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு டிரான்சாக்ஷன் மட்டும் எழுதுகிறது; பதிவுகளை யாரும் நீக்குவதோ திருத்துவதோ இல்லை; பழைய தரவு பின்னால் ஏற்றப்படுவதில்லை; கேட்பவருக்கு வேண்டியது பதிந்த வரிசை மட்டுமே. இந்த நான்கும் கூடிய அட்டவணையில் பெரிய எண்ணே கடைசிப் பதிவு. அங்கும் அது அந்த அமைப்பின் நான்கு விதிகளால் கிடைத்த பயன். அந்த விதிகளை எழுதிவைக்காத இடத்தில், அடுத்து வேலைக்கு வருபவர் அவற்றில் ஒன்றை முதல் மாதத்திலேயே உடைத்துவிடுவார்.

ஐடிக்குச் சரியான வேலையும் இருக்கிறது. அது தனித்தது, வெறுமையாக இராதது; ஆகவே நேரங்கள் சமமாகும்போது முடிவு சொல்ல அதைவிடத் தகுந்த புலம் இல்லை. மருத்துவரின் திரைக்கான வினவல் மாதிரி எடுத்த நேரத்தை முதலில் வைக்கும். ஒரே மாதிரியின் முடிவைத் திருத்தி மறுபடி பதிந்திருந்தால் திருத்தம் மேலே வரும்படி பதிந்த நேரத்தை அடுத்து வைக்கும். இரண்டும் சமமானால் ஐடியைப் பார்க்கும். மூன்றும் இறங்குவரிசையில், நல்ஸ் லாஸ்ட்டோடு. இந்த வினவல் அந்த நோயாளிக்கு 4.9 என்று காட்டும். மேக்ஸ்(ஐடி) 6.4 என்று காட்டும்.